புள்ளியில்லாத தெரு

பொது சுகாதாரம் படிக்கிறோம் என்றால் எங்கள் வகுப்பில் யார் வீட்டிலும் புரியவில்லை. டாக்டர் படிப்பா என்பார்கள். இல்லை என்றால் முகம் தொங்கிப்போகும். படித்து முடித்து ஒருவன் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனான், ஒருத்தி ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு, நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு. எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரியான என் சிநேகிதி நகரசபையின் நோய்க் கண்காணிப்புப் பிரிவில் சேர்ந்தாள். தெருவே அவளை ‘டாக்டரம்மா’ என்றது. அவள் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். திருத்த வேண்டியவளோ சிரித்துக்கொண்டு நின்றாள்.

அவள் வேலை சுவரிலிருக்கும் வரைபடத்தில் புள்ளி வைப்பது. டெங்கு என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தால், நோயாளியின் வீடிருக்கும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளிகள் மொய்க்கும் தெருவுக்குக் கொசு ஒழிக்கப் புகை அடிக்கும் வண்டி போகும். அந்த மழைக்காலத்தில் ஊரே சிவந்து கிடந்தது. அவள் தெரு மட்டும் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். என்னிடமே வந்து பீற்றிக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுடைய அக்காவுக்குக் காய்ச்சல். நான்கு வீடு தள்ளி இருந்தவள். உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலிக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று போனில் கேட்டாள். இவள் அக்காவைப் போய்ப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள்.

“நம்ம தெருவுல ஒரு புள்ளிகூட இல்லக்கா. சாதாரண காய்ச்சல்தான். மாத்திரையப் போட்டுட்டுப் படு.”

காய்ச்சல் இறங்கியது. அக்கா எழுந்து துணிகூடத் துவைத்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. டெங்குவில் காய்ச்சல் இறங்கும்போதுதான் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும். எங்கள் பாடத்திலேயே இருந்தது, அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவளும் அவள்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது.

துக்கம் கேட்கப் போன இடத்தில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. எதிர்வீட்டில் எல்லோருக்கும் அதே காய்ச்சலாம். கோடிவீட்டுக் குழந்தைக்கும் வந்து போனதாம். யாரும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. டாக்டரம்மா பக்கத்திலேயே இருக்கும்போது எதற்கு அலைய வேண்டும் என்று அவளிடமே மாத்திரை கேட்டுப் போட்டுக்கொண்டார்களாம். ஆஸ்பத்திரி வழியாக வந்தால்தான் காய்ச்சல், வாசலில் வந்து சொன்னால் அது கணக்கிலேயே இல்லை. இந்தப் படிப்பு படித்தவளுக்கு மட்டுமே வரக்கூடிய மடத்தனம். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது.

காரியமெல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பினாள். அக்காவின் புள்ளியை அவளே வைத்தாள். மறுநாள் கொசுப்புகை வண்டி வந்தது, புகை தெருவையே மறைத்தது. அம்மா வாசலில் நின்று அதைப் பார்த்தாள்.

“இப்ப நம்ம தெருவுல புள்ளி இருக்கா, டாக்டரம்மா?”

“நான் டாக்டர் இல்லம்மா.”

“அத உங்க அக்காகிட்ட சொல்லியிருக்கலாமேடி” என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.