முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர்

அன்று கார் கண்ணாடிகளை எத்தனை நிமிடம் மூடி வைத்திருந்தேன்? மூன்று வருடமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஐந்து நிமிடம்தான் என்று ஒரு நாள் தோன்றும். கால் மணி நேரமாவது இருக்கும் என்று இன்னொரு நாள் தோன்றும். அப்படித் தோன்றும் நாட்களில், விளையாடிக்கொண்டிருக்கும் மகளைக் காரணமில்லாமல் கூப்பிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

நாங்கள் சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கிறோம். அப்போது மகளுக்கு எட்டு மாதம். ஏழெட்டு மணி நேரம் காரில் போனால் வரும் ஒரு சிறிய ஊரில் என் கணவரின் நண்பர் மருத்துவராக இருந்தார். பொங்கலுக்கு அவர் வீட்டுக்குக் கிளம்பினோம். ஜனவரி மாதம் இங்கே கடும் கோடை. டயப்பர், காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர் என்று பட்டியல் போட்டு எடுத்து வைத்த நான், தண்ணீர் மட்டும் இரண்டே பாட்டில் எடுத்திருந்தேன். வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஊருக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்போது, போன் ஒரு குறுக்கு வழியைக் காட்டியது. மண் சாலை. அது ஒரு பெரிய ஆட்டுப் பண்ணைக்குள் புகுந்து போனது. குறுக்கே இரும்பு கேட் இருந்தது. கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போகும்படி அதில் ஒரு பலகை. கணவர் இறங்கித் திறந்து, காரை உள்ளே கொண்டுவந்தார். மூட வேண்டியது நான். குழந்தை அழுதுகொண்டிருந்தாள். "யாரு வரப் போறா, போங்க" என்றேன். சாலையில் ஆளே இல்லாவிட்டாலும் பச்சை விளக்குக்காகக் காத்திருந்து கடப்பவள் நான். அன்று ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அங்கிருந்து வெகுதூரம் போகவில்லை. வறண்ட ஓடை ஒன்றைக் கடக்கும்போது சக்கரங்கள் மணலில் புதைந்துவிட்டன. முன்னும் பின்னும் எடுக்கப் பார்த்ததில் இன்ஜின் சூடேறி, சிவப்பு விளக்கு எரிந்தது. அணைத்துவிட்டோம். போனில் சிக்னல் இல்லை.

"நீ பாப்பாவோட உள்ளேயே இரு. மேட்டுல ஏறினா சிக்னல் கிடைக்கும். அரை மணியில வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கணவர் நடந்தார். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டுப் போகக் கூடாது என்பது இங்கே கிராமப்புறத்தில் வளரும் குழந்தைக்குக்கூடத் தெரியும். இன்ஜினீயரான எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

ஒரு மணி நேரம் ஆகியும் அவர் வரவில்லை. நான்கு கண்ணாடிகளையும் இறக்கியிருந்தேன். அனல்தான் வீசியது. தண்ணீர் தீர்ந்துவிட்டது. குழந்தையின் அழுகை சிணுங்கலாகக் குறைந்தது.

அப்போதுதான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு யூட் வண்டி வந்தது. பின்புறம் திறந்த அந்த வண்டியில் ஒரு நாய் நின்றிருந்தது. தொப்பி போட்ட உயரமான இளைஞர் ஒருவர் இறங்கி வேகமாக வந்தார். கேட்டைத் திறந்து போட்டது நீங்களா, ஆடெல்லாம் சாலைக்கு வந்துவிட்டது என்று உரக்கக் கேட்டார். நான் எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றி, கதவுகளைப் பூட்டிக்கொண்டேன்.

கிட்டே வந்தவர் என் மடியில் குழந்தையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. கண்ணாடியை இறக்கும்படி கையால் காட்டினார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். கணவர் இதோ வந்துவிடுவார், போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது என்று உள்ளிருந்தே பொய் சொன்னேன். அவர் கெஞ்சுவது போல மறுபடியும் காட்டினார். நான் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டேன். அவள் முகம் சிவந்திருந்தது. சிணுங்கலும் நின்றுவிட்டது. அதைப் பார்த்தும் நான் கண்ணாடியை இறக்கவில்லை.

அவர் கொஞ்ச நேரம் நின்று யோசித்தார். பிறகு தன் வண்டியை எங்கள் காருக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். வயர்லெஸ்ஸில் யாரிடமோ பேசினார். ஒரு தண்ணீர் கேனை எடுத்து எங்கள் கார் முன்பக்கத்தில் வைத்தார். தன் வண்டியின் இன்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டு, அதன் கதவைத் திறந்து வைத்துவிட்டு, நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தார். நூறு அடி தள்ளிப் போய், நிழலே இல்லாத இடத்தில், எனக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அவர் திரும்ப மாட்டார் என்று எனக்கு நம்பிக்கை வர இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு குழந்தையையும் தண்ணீர் கேனையும் தூக்கிக்கொண்டு ஓடி அவர் வண்டியில் ஏறினேன். துப்பட்டாவை நனைத்து அவள் உடம்பைத் துடைத்தேன். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டேன். அவள் வீறிட்டு அழுதாள். அதைவிட நிம்மதியான சத்தத்தை நான் கேட்டதில்லை. அந்த அழுகைக்கும் அவர் திரும்பவில்லை.

அவருடைய அம்மா இன்னொரு வண்டியில் வந்தார். வழியில் தள்ளாடி நடந்துகொண்டிருந்த என் கணவரையும் ஏற்றி வந்திருந்தார். தண்டனை வாங்கியவன் மாதிரி வெயிலில் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று மகனைக் கேட்டார். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அதனால் தள்ளி இருந்தேன் என்றார் அவர். என் பக்கம் பார்க்கவே இல்லை. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மகனின் தொப்பியைத் தட்டிச் சிரித்தார். நானும் பால் கொடுத்தவள் போலவே துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டேன்.

அவர்கள் வீட்டில் வைத்துக் குழந்தையை மருத்துவரான நண்பரிடம் போனில் காட்டினோம். பயமில்லை என்றார். அந்தப் பகுதியில் முதன்முதலாக ஆடு வளர்க்க வந்த குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்றாம். மாட்டு வண்டிகளின் பக்கத்தில் நிற்கும் தாடிக்காரர் ஒருவரின் படம் சுவரில் இருந்தது. கேட்டுக்காக மன்னிப்புக் கேட்டேன். ஐந்து தலைமுறையாக எங்கள் குடும்பத்தின் முக்கிய வேலையே கேட் மூடுவதுதான் என்று அந்த இளைஞர் சிரித்தார். நீங்கள் மூடியிருந்தால் நான் இன்று அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன், அதற்காக அடுத்த முறையும் திறந்து போட்டுவிடாதீர்கள் என்றார். கண்ணாடியைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த அம்மாவிடமிருந்து வாழ்த்து அட்டை வரும். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கடிதம் வந்தது. ஆடுகளை ஓட்டிச் சேர்க்கும்போது பண்ணை பைக் கவிழ்ந்து மகன் இறந்துவிட்டதாக எழுதியிருந்தார். அவனைத் தெரிந்தவர்களின் நினைவுகளைச் சேர்த்து வைக்கிறேன், உங்கள் நினைவையும் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்.

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். "நன்றின்னு நாலு வரி எழுதி அனுப்பு. பிள்ளையைப் பறிகொடுத்தவங்ககிட்ட, உங்க பையனைத் திருடன்னு நினைச்சேன்னு சொல்லணுமா?" என்கிறார் கணவர். அவர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. ஆனால் நான் சந்தேகப்பட்டதை மறைத்தால், அந்த இளைஞர் செய்தது தண்ணீர் கொடுத்த உதவியாக மட்டும் சுருங்கிவிடும். தன்னைப் பார்த்துப் பயந்தவள்மேல் கோபப்படாமல், அவள் பயம் தீரட்டும் என்று வெயிலில் போய் உட்கார்ந்தவர் அவர். என் அவமானத்தையும் ஒரு பொய்யால் மூடிவிட்டார். அவர் மூடியதைத் திறக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் தோன்றுகிறது.

கடிதத்தாள் மேஜைமேல் வெறுமையாகக் கிடக்கிறது. பிள்ளை பெற்றவர்கள் யாராவது சொல்லுங்கள். அந்த அம்மாவின் இடத்தில் நீங்கள் இருந்தால், உங்கள் மகனைப் பற்றிய முழு உண்மையையும் கேட்க விரும்புவீர்களா?