ஒரு கட்டைவிரல் கூட்டி

அறுபதுகளின் கடைசியில் என் பள்ளிக்கூடத்தில் ஷூ கட்டாயம் என்றார்கள். அப்பா ஒரு தென்னை ஈர்க்குச்சியை என் பாதத்தோடு வைத்து அளந்து, வளர்கிற கால் என்று ஒரு கட்டைவிரல் அகலம் கூட்டி ஒடித்தார்.

"என்னையும் கடைக்கு இட்டுகினு போ நைனா."

"நீ பஸ்ல வாந்தி எடுப்ப. அதான் அளவு கீதே, நீ எதுக்கு?"

என் காலுக்கு வாங்கும் ஷூவுக்கு நான் எதற்காம்! அம்மா வேறு, "குச்சிய விடப் பெருசா வாங்கு" என்று சொல்லி அனுப்பினாள். திருவள்ளூர்க் கடைக்காரர், வளர்கிற பெண் என்று கேட்டதும் தன் பங்குக்கு ஒரு சைஸ் ஏற்றிக் கொடுத்துவிட்டார்.

வந்த ஷூவுக்குள் என் கால் எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லை. அம்மா முன்பக்கம் பழந்துணியை அடைத்து, "இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கவல இல்ல" என்றாள். நான் ஒரு பக்கம் நடந்தால் ஷூ ஒரு பக்கம் இழுபட்டு வந்தது. அழுதால், "கால் வளந்தா சரியாப்பூடும்" என்பார்கள். கால் வளர வளர அம்மா துணியைக் குறைத்துக்கொண்டே வந்தாள்.

கடைசித் துணியையும் உருவிய அன்று கால் கச்சிதமாகப் பொருந்தியது. சந்தோஷமாக எழுந்து நின்றேன். உள்ளங்காலில் ஜில்லென்று தரை பட்டது.