பிளஸ்ஸா, மைனஸா?

என் வீட்டுக்காரரைத் தெருவே 'பாக்கலாம்' என்றுதான் கூப்பிடும். எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவது அது ஒன்றுதான். சுவருக்கு நீலமா, பச்சையா என்று நான் கேட்டுப் பதினொரு வருஷம் ஆகிறது. முன்னறையின் ஒரு பக்கம் இன்னும் வெறும் சுண்ணாம்போடு நிற்கிறது. தொழில் வீடியோ எடுப்பது. கேமராவைத் தோளில் ஏற்றினால் கை நடுங்காது, ஆனால் எங்கே நிறுத்துவது என்று மட்டும் தெரியாது. விசேஷம் முடிந்து நாற்காலி மடக்குகிறவர்களையும் எடுத்துக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, ஒரு வேலை கொடுத்தார். அண்ணியின் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். அவர் பேசியது, என் வீட்டுக்காரர் எப்போதோ எடுத்த ஒரே ஒரு வீடியோ கேசட்டில், பன்னிரண்டு நிமிஷம் இருக்கிறது.

"அவரு குரல் எனக்கு மறந்துக்கிட்டே வருதுடா தம்பி. என் டிவியில நானே போட்டுப் பாக்கற மாதிரி பண்ணிக் குடு" என்றார் அண்ணி.

அவர் வீட்டில் இருப்பது டிவிடி பிளேயர். கேசட்டோ பூஞ்சை பிடித்தது. ரிப்பேர்காரர் துடைத்துக் கொடுக்கும்போதே, "நாலஞ்சு தடவைதான் ஓடும். அப்புறம் உங்க பாடு" என்று கைகழுவிவிட்டார்.

வெற்று டிஸ்க் வாங்கப் போனோம். "மைனஸா, பிளஸ்ஸா?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"சில பிளேயர் மைனஸ் எடுக்கும், சிலது பிளஸ் எடுக்கும். உங்களுது எது?"

தன் ரத்தம் எந்த வகை என்று தெரியாமல் ஆபரேஷனுக்கு வந்தவரைப் போல இவர் முழித்தார். அழித்து எழுதுகிற டிஸ்க் வேறு இருக்கிறதாம், அதிலும் பிளஸ், மைனஸ் உண்டாம். அட்டையைப் புரட்டிப் புரட்டிப் படித்தார். எனக்கும் ஒரு மண்ணும் புரியவில்லை. கடைசியில் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வாங்கினார்.

முதலில் மைனஸ். கேசட் ஓட ஓட எங்கள் வீட்டு டிவிடி ரெக்கார்டர் அதை டிஸ்க்கில் பதிந்தது. அதே பெட்டியில் திருப்பிப் போட்டுப் பார்த்தோம், பிரமாதம். அண்ணி வீட்டுக்கு ஓடினோம். அவருடைய பிளேயர் டிஸ்க்கை விழுங்கி, சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'டிஸ்க் இல்லை' என்றது.

"அப்போ பிளஸ்தான் எடுக்கும் போல" என்றார் இவர். மறுநாள் பிளஸ். எங்கள் பெட்டியில் ஓடியது, அங்கே 'டிஸ்க் இல்லை.' மூன்றாவது, அழித்து எழுதுகிற டிஸ்க். அதற்கும் அதே கதி. ஒவ்வொரு தடவை ஓடும்போதும் கேசட்டில் அந்த அண்ணனின் முகத்தில் கோடுகள் கூடிக்கொண்டே வந்தன. அண்ணி ரிமோட்டை உறைக்குள் வைத்துவிட்டார்.

கடைசியில் ரெக்கார்டரையே தூக்கிக்கொண்டு போய் அண்ணியின் டிவியில் மாட்டினோம். முதலில் பதிந்த மைனஸ் டிஸ்க்கைப் போட்டோம், ஓடியது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். டிஸ்க்கை வெளியே எடுக்கப் பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒரு கேள்வி வந்தது. இவர் கட்டைவிரல் தானாக நகர்ந்தது.

"இருடா, என்னமோ கேக்குதே" என்று அண்ணி படித்தார். "டிஸ்க்கை முடிக்கவா? முடித்தபின் எதையும் சேர்க்க முடியாது."

"அது எடுக்கும்போதெல்லாம் கேக்கும்க்கா. நான் வேண்டாம்னுதான் அழுத்துவேன்."

"ஏன்?"

"இதுல இன்னும் நிறைய இடம் இருக்கு. மாமா பேசினது வேற எங்கயாவது கிடைச்சா சேக்கலாமேன்னு..."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முடிக்காம வச்சதாலதான் வேற பிளேயர்ல ஓடலையோ என்னமோ!"

"இருக்கலாம்... பாக்கலாம்."

"முடிச்சிடுடா" என்றார் அண்ணி. "இதுக்கு மேல அவரு என்னத்தப் பேசப் போறாரு?"

இவர் கண் கலங்கிவிட்டது. ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு 'சரி' என்பதை அழுத்தினார். மூன்று நிமிஷம் பிடித்தது. பிறகு அந்த டிஸ்க்கை அண்ணியின் பிளேயரில் போட்டோம். அது சுற்றியது. நாங்கள் மூவரும் மூச்சுவிடவில்லை.

திரையில் அந்த அண்ணன் வந்தார். கேமராவைப் பார்த்து, "டேய், எடுத்தது போதும். அதை வச்சிட்டு வந்து சாப்பிடுடா" என்றார்.

"இதோ வரேன் மாமா" என்று இவர் சத்தமாகவே சொல்லிவிட்டார்.