மூன்று பைப் நீளத்து மீன்

தெற்கே ஏதோ கடற்கரையில் துடுப்பு மீன் ஒன்று வலையில் சிக்கியதாகச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ஆட்கள் வரிசையாக நின்று தூக்கியும் வால் மணலில் கிடந்தது. உடம்பு வெள்ளித் தகடு, தலையில் சிவப்புக் கொண்டை. இது மேலே வந்தால் பூகம்பம் வரும் என்று கீழே யாரோ எழுதியிருந்தார்கள். அதோடு எங்கள் வீட்டில் குடி மூழ்கிப்போனது.

என் வீட்டுக்காரர் கோவையில் போர்வெல் மோட்டார் விற்று, ரிப்பேரும் பார்க்கிறவர். உலகத்தில் எந்த நீளத்தையும் பத்தடி பைப் கணக்கில்தான் அளப்பார்.

"மூணு பைப் நீளம் இருக்குமாட்டத் தெரியுது. எத்தனை அடியில கெடக்குமாமா?"

"ஆயிரம் அடிக்கும் கீழ போகுமாமுங்க" என்று படித்துச் சொன்னேன்.

முகம் மாறிவிட்டது. "அப்ப ராமேஸ்வரம் வேண்டாம் கண்ணு. அத்தனை அடியில கெடக்கறது மேல வருதுன்னா, கீழ என்னமோ கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்."

பாம்புக்குக்கூடப் பயப்படாத மனிதர். ஆனால் கீழே இருப்பது மேலே வந்தால் பழுது என்று தொழில் பழக்கிவிட்டது. நன்றாக ஓடுகிற மோட்டாரை யாரும் போர்வெல்லிலிருந்து தூக்கிப் பார்ப்பதில்லை.

கல்யாணமான நாளிலிருந்து நான் ஆசைப்பட்டுக் கேட்டது கடல் ஒன்றைத்தான். ஒவ்வொரு கோடையிலும் யாருடைய தோட்டத்திலாவது மோட்டார் எரிந்துபோகும், எங்கள் பயணம் தள்ளிப்போகும். இந்தத் தடவைதான் ராமேஸ்வரம் போக, போத்தனூரில் ரயில் ஏற டிக்கெட் எடுத்திருந்தோம். அதையும் ஒரு மீன் வந்து கெடுப்பதா? எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"ஏனுங்க, மேல வெளிச்சம் எப்படி இருக்குதுன்னு பாக்க வந்திருக்கக் கூடாதுங்களா? சத்தமில்லாம ஓடிட்டிருந்தா, காலம் பூரா கீழயே கெடக்கோணுமுங்களா?"

மீனைத்தான் சொன்னேன். ஆனால் பாதிக்கு மேல் அது மீனைப் பற்றியதாக இல்லை.

அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பரணிலிருந்து பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது.

ராமேஸ்வரத்தில் வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில் என் கையைப் பிடித்தபடி நின்றார். கடையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நான் கடலைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ ஒண்ணும் கெட்டுப்போவலியே, அம்மணி?"

"இப்பத்தானுங்க மேல வந்திருக்கேன். கொஞ்சம் பாத்துப்போட்டுச் சொல்றேன்" என்றேன்.