ஓடெல் பிரிச்சட் அறையை விட்டு வெளியே போகவில்லை

ஓடெல் பிரிச்சட்டை நான் முதலில் பார்த்தபோது அவளுடைய கால்கள் மட்டுமே தெரிந்தன. தெற்கு ஜார்ஜியாவின் பழைய வீடுகள் செங்கல் தூண்களின்மேல் நிற்பவை. கரையான் அடியிலிருந்து ஏறுவதால் மருந்தடிப்பவரும் அடியில் தவழ்ந்துதான் போகவேண்டும். என் சமையலறைக்குக் கீழிருந்து இரண்டு ரப்பர் பூட்ஸ் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"உள்ள ஒரு பாம்புச் சட்டை கெடக்கு. வேணுமா, தூக்கிப் போடட்டுமா?" என்று ஒரு குரல் கேட்டது.

தூக்கிப் போடச் சொன்னேன். எங்கள் சிநேகம் அப்படித்தான் ஆரம்பித்தது.

அந்தத் தொழில் முதலில் அவள் கணவன் ஹாய்ட்டுடையது. லைசென்ஸும் அவன் பெயரில்தான் இருந்தது. அவன் நெஞ்சுவலியில் போனதும், மருந்துக் கடையில் உட்கார்ந்து வம்பளக்கும் ஆண்கள் அவள் பிக்கப் வண்டியை யாருக்கு விற்பாள் என்று பேசி முடித்துவிட்டார்கள். லைசென்ஸ் உள்ள ஒருவர் பொறுப்பில் இல்லாத கம்பெனி யார் வீட்டிலும் மருந்தடிக்கக் கூடாது. ஓடெல் வண்டியை விற்கவில்லை. பரீட்சைக்குப் பெயர் கொடுத்தாள்.

படிப்பு அவளுக்கு வராது. மந்தம் என்று சொல்லமாட்டேன். அச்செழுத்து அவள் கண்முன் நிற்காமல் ஊர்ந்துபோய்விடும். இரண்டு முறை தோற்றாள். மூன்றாம் முறை தேறியதும் சான்றிதழை மருந்துக் கடைக்கே கொண்டுபோய்க் கல்லாவின்மேல் வைத்தாள்.

"அதிர்ஷ்டந்தான் ஓடெலக்கா," என்றான் கடைக்காரன்.

"அதிர்ஷ்டம் உனக்குத்தான். கடன் சொல்லாம வாங்குற ஆளு இந்தக் கடையில நான் ஒருத்திதான்."

லைசென்ஸ் வாங்கினால் மட்டும் போதாது. ஒவ்வொரு தவணைக்குள்ளும் இத்தனை மணிநேரம் வகுப்பில் உட்கார்ந்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும். கணக்குக் குறைந்து கெடு தாண்டினால் மறுபடி பரீட்சை. "அந்தப் பரீட்சை ஹாலுக்குள்ள இனிமே என் பொணங்கூடப் போகாது," என்பாள் ஓடெல். ஆகவே வகுப்புக்கு ஒழுங்காகப் போய்வந்தாள்.

காலமெல்லாம் தவழ்ந்ததில் இடது இடுப்பு மூட்டு தேய்ந்துபோனது. சென்ற இலையுதிர் காலத்தில் மூட்டை மாற்றினார்கள். நான் முதியோர் இல்லத்தில் ஆயுள் முழுக்கப் பராமரிப்பு வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஓடெல் என்னைத் தன் வீட்டில் தங்கச் சொன்னது பாசத்தினால் இல்லை. எனக்கு ஆளைத் தூக்கத் தெரியும்.

கெடு நெருங்கிய சமயத்தில் மாநில ஆபீசிலிருந்து போன் வந்தது. கணக்கில் ஒரு நாள் குறைகிறது என்றார்கள். நெருப்பெறும்பு வகுப்புக்கு ஓடெல் ஒரே தவணையில் இரண்டு தடவை போயிருக்கிறாள். ஒரே பாடம் இரண்டு தடவை கணக்கில் சேராது.

இது எங்கள் பக்கத்து மருந்தடிப்பவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு. பாடம் என்ன என்று யாரும் பார்ப்பதில்லை. மதியச் சாப்பாடு யார் சமையல் என்றுதான் பார்ப்பார்கள். இரண்டாம் தடவை வகுப்பெடுத்தவன் லமார் ஸ்டப்ஸ், எங்கள் கவுண்டிக்கு, அதாவது எங்கள் மாவட்டத்துக்கு, விவசாய ஆலோசகன். முதல் நாளே பன்றி இறைச்சியைப் புகையில் போட்டுவிட்டு மறுநாள் வகுப்புக்கு வருவான். அந்த வாசனைக்கு மூன்று கவுண்டி தாண்டியும் ஆட்கள் வருவார்கள்.

கம்ப்யூட்டரில் படித்துச் சேர்க்கும் மணிநேரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அது முன்பே தீர்ந்துவிட்டது. கெடுவுக்கு முன் நேரில் நடக்கும் வகுப்பு ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அது வியாழக்கிழமை, எங்கள் கவுண்டிக் கூடத்திலேயே நடக்கவிருந்தது. அதுவும் லமாருடையதுதான். வேறு பாடம்.

அன்று மாலை அவள் மகன் ரேண்டல் வந்தான். அவனும் அம்மா லைசென்ஸில்தான் மருந்தடிக்கிறான். மேக்கன் நகரத்திலிருந்து ஒரு பெரிய கம்பெனிக்காரன் வந்து தொழிலை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தான்.

"விட்டுடும்மா. லைசென்ஸ் தானா போயிடும், நீயும் நிம்மதியா இருப்பே. எழுவது வயசாச்சு," என்றான்.

"எழுவத்தொண்ணு. ஏன்டா, நீ பரீட்சை எழுதேன்."

"எனக்கு இந்தத் தொழிலே பிடிக்கலம்மா. வண்டியில ஏறினாலே அந்த மருந்து நாத்தம்."

"அந்த நாத்தந்தான் உன் பல்லுக்குக் கம்பி கட்டுச்சு."

ரேண்டல் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். "வியாழக்கிழமை எனக்கு வேலை இருக்கு. நான் கூட்டிட்டுப் போக மாட்டேன். இது உன் நல்லதுக்குத்தான்."

"உன்னை யாருடா கேட்டா?" என்றவள் என் பக்கம் திரும்பினாள்.

நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். "என்னைப் பார்க்காதடி. முட்டி இடுப்புக்கு மேல போகக் கூடாது, ஒரு மணி நேரத்துக்கு மேல உட்காரக் கூடாது, டாக்டர் நீர் பிரியற மாத்திரை வேற குடுத்திருக்கார். நாள் பூரா எப்படி உட்காருவே?"

"பிருஷ்டத்தாலதான்," என்றாள் ஓடெல்.

வியாழக்கிழமை காலை அவளை என் வண்டியில் ஏற்றினேன். உயரமான திண்டு, வாக்கர், ஒரு போர்வை, அடியில் வாளி வைத்த கமோடு நாற்காலி எல்லாம் பின்னால் ஏறின. இடுப்பு ஆபரேஷன் ஆன ஆளை அந்த நாற்காலி இல்லாமல் நான் எங்கும் கூட்டிப்போவதில்லை.

கூடத்தின் வாசலில் மாநில ஆபீசிலிருந்து வந்த பெண் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் கோர்ட்னி. போன வருஷம் சிலபேர் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டார்களாம். அதற்காக இந்த வருஷம் காவல். பாடம் நடக்கும்போது அறையை விட்டுப் போனால் அன்றைய கணக்கு மொத்தமும் ரத்து.

"கழிப்பறை?" என்று கேட்டேன்.

"இங்க இருக்கறது ரிப்பேர் மேடம். மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. இடைவேளையில போயிட்டு வரலாம்."

மைதானம் முழுக்கச் சரளைக்கல். வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்து அவள் போய்ச் சேருவதற்குள் இடைவேளை முடிந்துவிடும். அதைச் சொன்னேன்.

"முன்னாடியே எழுதிக் கேட்டிருந்தா ஏதாவது ஏற்பாடு பண்ணியிருப்போம் மேடம். இப்ப நானா விதியை மாத்த முடியாது. மன்னிச்சிடுங்க." உண்மையாகவே வருத்தப்பட்டாள். அந்த வருத்தத்தால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

"மாத்த வேணாம். அறைன்னா எதுன்னு மட்டும் சொல்லும்மா."

"இந்த ஹால்தான். இந்த நாலு சுவர்."

"அந்த மேடை?"

கோர்ட்னி திரும்பிப் பார்த்தாள். கூடத்தின் கோடியில் மரமேடை, பக்கத்தில் சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம், மேடையை மூடிக்கொண்டு ஒரு சிவப்புத் திரை.

"அதுவும் ஹால்ல சேர்ந்ததுதான்."

நான் வண்டிக்குப் போய் நாற்காலியை எடுத்துவந்தேன். திரைக்குப் பின்னால் ஊரின் நிலக்கடலை ராணி அழகிப் போட்டிக்காகச் செய்த ஆளுயரப் பிளைவுட் நிலக்கடலை ஒன்று நின்றிருந்தது. அதை மறைவாக நகர்த்தி, நாற்காலியை அதற்குப் பின்னால் போட்டு, நான்கு காலும் ஆடாமல் நிற்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன்.

காலைப் பாடங்கள் நன்றாகவே போயின. ஓடெல் மேடைக்குப் பக்கத்தில் திண்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். நான் சைகை காட்டும்போதெல்லாம் எழுந்து நிற்பாள். இரண்டு தடவை சாய்தளத்தில் ஏறினாள். ஆண்கள் தலையைத் திருப்பவில்லை. அந்த மட்டும் வளர்ப்பு நல்ல வளர்ப்பு.

மதியம் லமாரின் பன்றி இறைச்சியும் முட்டைக்கோஸும் இனிப்புத் தேநீரும். தேநீரை அளவாகக் குடிக்கச் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பாதி ஆண்கள் தொப்பியை முகத்தின்மேல் சாய்த்துக்கொண்டார்கள். லமார் மருந்தடிக்கும்போது போடும் முகமூடியின் வடிகட்டியை எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் ஓடெலைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து வெளியே வந்து நின்றேன். அந்த நேரம் பார்த்துக் கோர்ட்னி எழுந்து, இப்போது பெயர் கூப்பிடப் போவதாகச் சொன்னாள்.

ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். டூயி கார்ட்ரைட்டைப் பக்கத்து ஆள் முழங்கையால் இடித்தான். அவன் கண் திறக்காமலே கையைத் தூக்கிவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தான். கோர்ட்னி அவன் பெயருக்கு நேரே குறித்துக்கொண்டாள்.

"பிரிச்சட், ஓடெல்."

"இருக்கேன்," என்றது திரை.

கூடத்தில் தொப்பிகள் நிமிர்ந்தன.

"எங்க மேடம்?"

"நிலக்கடலைக்குப் பின்னால."

சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. கோர்ட்னி சிரிக்கவில்லை. பேனாவைப் பிடித்தபடி மேடைவரை வந்தாள். அவள் கை அந்த வரியின்மேல் நின்றது. ஓடெலின் தொழில் மொத்தமும் அந்தப் பேனா நுனியில் இருந்தது.

"மேடம், பாடத்துல நீங்க இருக்கறத நான் பார்க்கணும்."

"தாராளமா வந்து பாரும்மா. ஆனா பார்த்தப்புறம் மறக்கணும்னா கஷ்டம்."

கோர்ட்னியின் கழுத்து சிவந்தது. என்னைப் பார்த்தாள். ஓடெலின் வாய்க்கு என் உதவி தேவைப்பட்டதில்லை.

"அறையில இருக்கணும்னு நீதான் சொன்னே, இருக்கேன்," என்றது திரை. "டூயி கார்ட்ரைட் வாயத் தொறந்து தூங்குறான், அவனை இருக்கான்னு எழுதிட்டே. நான் முழிச்சிருக்கேன். லமார் வடிகட்டியைப் பத்திச் சொன்னதெல்லாம் காதுல விழுந்துச்சு. அந்தக் கழுதை ஜோக்கை ரெண்டாந் தடவை சொன்னதும் விழுந்துச்சு. என்னை வெளிய போனவள்னு எழுதுறதுன்னா, இந்தத் திரையைத் தொறந்துட்டு எல்லார் முன்னாடியும் எழுது. நான் இப்படியே உட்கார்ந்துக்கறேன். எனக்கு வெக்கமில்ல. உனக்கு?"

டூயி எப்போதோ விழித்துவிட்டிருந்தான்.

"ஹால்லதான் இருக்காங்க கோர்ட்னி," என்றான் லமார் மெதுவாக. "நானே சாட்சி. ஜோக்கு ரெண்டு தடவை சொன்னதும் நெசந்தான்."

கோர்ட்னி குறித்தாள். "ஸ்டப்ஸ் சார், மேல நடத்துங்க," என்று மேஜைக்குத் திரும்பிப் போனாள். விதியை அவள் மீறவில்லை. நாங்களும் மீறவில்லை.

வகுப்பு முடிந்ததும் எல்லாரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். வாக்கரோடு ஓடெல் வந்தபோது வரிசை விலகி வழிவிட்டது. "நான் கடைசியாவே போடுறேன், நீங்க போங்கடா," என்றாள். கடைசியாகத்தான் போட்டாள். கோர்ட்னி சான்றிதழைக் கொடுத்து, "ஜாக்கிரதையா போங்க மேடம்," என்றாள்.

ரேண்டல் வாசலில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. பெயர் கூப்பிட்டதைக் கேட்டிருக்க வேண்டும். அவன் காதும் சிவந்திருந்தது.

ஓடெல் அவனைப் பார்த்தும் பார்க்காதவள்போல, பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்த லமாரிடம் சத்தமாகக் கேட்டாள்.

"புதுத் தவணை ஆரம்பிச்சதும் முதல் கிளாஸ் எப்படா?"

"ஜனவரியிலக்கா. இங்கதான்."

"என்ன பாடம்?"

"நெருப்பெறும்பு."

"சமையல்?"

"நான்தான்."

"என் பேரை எழுதிக்கோ. இந்தத் தடவை அது கணக்குல சேரும்."

ரேண்டல் உள்ளே வந்தான். அவன் நேராகச் சாய்தளத்தில் ஏறித் திரைக்குப் பின்னால் போய்க் கமோடு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

"வாளியைக் கழட்டி முதல்ல கொட்டிட்டு வா," என்றேன்.

சரளைக்கல்லில் நடந்து மைதானத்தைத் தாண்டிப் போனான். எடுத்துப்போன வாளியைக் கழுவியே கொண்டுவந்தான்.