முதலில் கழிக்க வேண்டும்

தெருவில் எல்லாரும் அவளை அரை இஞ்ச் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தது அவளுடைய தம்பி. யாராவது கால்சட்டையைக் கொண்டுவந்து, "சும்மா ஒரு அளவா மடிச்சு அடிங்கக்கா" என்று சொல்லிவிட்டால் போதும், அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "சும்மா ஒரு அளவுன்னு ஒரு அளவு கிடையாது. போய் அந்த மூலையில நேரா நில்லு" என்பாள். நாற்பத்தொரு வயது. கல்யாணம் கூடிவந்து கூடிவந்து கலைந்துபோனது. வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு தையல் மெஷின், வெட்டுகிற மேசை, சன்னலை ஒட்டி ஒரு ஸ்டூல், ஆணியில் தொங்கும் நீளமான அளவு நோட்டு. பின்னால் இரண்டு அறைகளில் அம்மாவும் தம்பியும் அவளும்.

பள்ளிக்கூடத்தில் கணக்குக்குள் எழுத்து வந்த வருஷத்தோடு அவள் படிப்பு நின்றது. எக்ஸ் என்று ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டு தன்னைக் கண்டுபிடி என்றதாம். இவளுக்கு அதன்மேல் ஒரு அக்கறையும் பிறக்கவில்லை. ஆனால் அதே கணக்கைத்தான் இருபது வருஷமாகத் தினமும் போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் வந்த எக்ஸுக்கு வயிறும் தோளும் இருந்தன, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பழைய சட்டையைப் பிரித்துச் சின்னதாக்க வேண்டுமென்றால், கடைசியாகப் போட்ட தையலைத்தான் முதலில் பிரிப்பாள். கீழ்மடிப்பு, அப்புறம் பக்கத்தையல், அப்புறம் கை. தைத்தது எந்த வரிசையோ, பிரிப்பது அதற்கு நேர்மாறு. வீட்டிலேயே அவசரப்பட்டுக் கையை இழுத்துக் கிழித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நல்ல மண்டகப்படி கிடைக்கும்.

தம்பி வேலை செய்த இரும்புப் பட்டறைக்கு அந்த வருஷம்தான் முதன்முதலாகச் சீருடை வந்தது. பதினோரு பேர், ஆளுக்கு ஒரு சட்டை, ஒரே சாம்பல் துணி. சுற்றுகிற இயந்திரத்தில் தொளதொளச் சட்டை மாட்டிக்கொள்ளும் என்பதால் உடம்போடு ஒட்டித் தைக்கச் சொன்னார்கள். மார்பளவை நாலாகப் பிரிப்பாள். வந்ததோடு ஒரு இஞ்ச் சேர்ப்பாள். அதில் அரை இஞ்ச் தையலுக்குள் போய்விடும், மிச்ச அரை இஞ்ச் மூச்சு விட. அதுதான் பித்தானுக்கு ஒரு பக்கமாக வரும் முன்பாதித் துண்டின் அகலம். பதினோரு பேருக்கும் அதே விதி.

"மூச்சு விட அரை இஞ்ச் சரி. சோறு திங்க எவ்வளவு விடுவே?" என்று கேட்டான் தம்பி, அளவு நாடாவுக்குள் நின்றுகொண்டு.

"குறைச்சுத் தின்னு."

"அக்காவே தைக்கிறா, எனக்குக் கொஞ்சம் தாராளமா வெட்டக்கூடாதா?"

"தம்பிக்குத் தனிச்சட்டம் எல்லாம் கிடையாது. கையைத் தூக்கு."

முப்பத்தாறு என்று நோட்டில் எழுதினாள். அதற்கு மேல் வரியில் பட்டறை வெல்டர், முப்பத்தொன்பது.

சட்டை கொடுத்துப் பத்தாம் நாள் பெருமழை. வேலை முடிந்து பதினோரு பேரையும் ஏற்றிவந்த வேன், தாழ்வான பாலத்தில் வெள்ளத்தோடு போயிற்று. ஒன்பது பேர் கரையேறினார்கள். வெல்டரும் தம்பியும் ஏறவில்லை.

நான்காம் நாள், வெள்ளம் போன வழியில் வெகுதூரம் கீழே, ஒரு வேலியில் சிக்கி நின்ற ஓர் உடம்பு கிடைத்தது. முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய நிலைமை இல்லை. உயரம் இருவருக்கும் ஏறத்தாழ ஒன்று. தண்ணீர் ஊதவைத்ததில் ஒல்லி எது பருமன் எது என்று தெரியவில்லை. மருத்துவமனைச் சோதனைக்கு மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். மிஞ்சியது சட்டை. சட்டையோ இருவருக்கும் ஒன்றே.

காவல் நிலைய எழுத்தர் ஆள் அனுப்பினார். அவள் நாடாவையும் பிளேடையும் அளவு நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அம்மா வாசலில் நின்று, "அவனா இருக்காதுடி" என்றாள். நான்கு நாளாக ஒவ்வொரு வேளையும் அவன் தட்டைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள் அம்மா.

நிலையத்தில் பெஞ்சின் நுனியில் வெல்டரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒருத்திக்கு நல்ல சேதி என்றால் இன்னொருத்திக்கு அது இடி. அதை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது?

எழுத்தர் நியாயமான மனிதர். நோட்டை வாங்கித் திறக்காமல் தன் கைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்கம்மா. உங்க தம்பியும் இதுல இருக்காரு. முதல்ல சட்டை என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். நோட்டை அப்புறம் திறப்போம்" என்றார்.

அலசிக் காயவைத்த சட்டையைக் காகிதத்திலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்கள். அவளுடைய தையல்தான். கீழ்மடிப்பைப் பிரித்தாள், பிறகு பக்கத்தையலை. நூல் முறுக்கு விடாமல் வந்தது. பித்தான் பட்டி தனித்துண்டு, கணக்கில் சேராது. அதையும் எடுத்து ஒதுக்கினாள். முன்பாதித் துண்டு மேசையில் தட்டையாகக் கிடந்தது. நாடாவை வைத்தாள். பத்தைத் தாண்டு, பத்தைத் தாண்டு என்று மனசு அடித்துக்கொண்டது.

நாடா பத்தில் நின்றது.

"பத்து இஞ்ச்" என்றாள்.

"தண்ணியில ஊறினதுல சுருங்கியிருக்காதா?"

"நனைச்சுக் காயவச்சுத்தான் சார் வெட்டுவேன். என் துணி சுருங்காது."

"சரி. அளவெடுத்து எப்படி வெட்டுவீங்க?"

"மார்பளவை நாலாப் பிரிப்பேன். அதோட ஒரு இஞ்ச் சேர்ப்பேன்."

எழுத்தர் காகிதத்தில் குறித்துக்கொண்டார். "அப்போ எல்லாத்தையும் தலைகீழாப் போடணும். வகுத்ததுக்குப் பெருக்கல், கூட்டினதுக்குக் கழித்தல். பத்தை நாலால பெருக்கினா நாற்பது. ஒண்ணு போனா முப்பத்தொன்பது." நோட்டைத் திறந்து விரலை ஓட்டினார். விரல் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, வெல்டரின் மனைவி பக்கம் திரும்பினார். "முப்பத்தொன்பது, உங்க வீட்டுக்காரரோட அளவும்மா."

அந்தப் பெண் பெஞ்சிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்: அரை இஞ்ச் அக்காவுக்கு அந்த நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. கணக்கு தப்பு என்று அவளுக்குத் தெரியும். பத்து இஞ்ச்சுக்கு யாரை வெட்டினாள் என்று அவள் கைக்கே தெரியும். இருந்தாலும் காகிதத்தில் தம்பி செத்துப்போகவில்லை. அவள் வாயைத் திறக்காவிட்டால் போதும், தம்பி எங்கோ ஒரு கரையில் ஒதுங்கியிருப்பான், அம்மா தட்டைக் கழுவிக் கவிழ்ப்பாள். எழுத்தர் படித்தவர், கூட்டலும் பெருக்கலும் தெரிந்தவர், அவரே சொல்லிவிட்டார். இவள் யார் மறுக்க?

தரையிலிருந்து அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள். "அக்கா, நீங்கதானே தைச்சீங்க? நீங்க சொல்லுங்க. அவருதானா?"

அவருதான் என்று ஒரு வார்த்தை. சொன்னால் தன் தம்பியை யாரோ ஒருத்தியின் புருஷனாகப் புதைப்பார்கள். இந்தப் பெண் சாகும்வரை வேறு ஒருவனுக்காக அழுவாள். அம்மா சாகும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"இல்லம்மா" என்றாள். "சார், வரிசை தப்பு."

"என்ன தப்பு?"

"ஒரு இஞ்ச்சைக் கடைசியாத்தான் சேர்த்தேன். அப்ப அதைத்தான் முதல்ல எடுக்கணும். சட்டையைப் பிரிக்கும்போது பார்த்தீங்கல்ல? கடைசித் தையல்தானே முதல்ல போச்சு. அது மாதிரிதான்." நாடாவை மறுபடி துண்டின்மேல் வைத்தாள். "பத்துல ஒண்ணு கழிச்சா ஒம்பது. ஒம்பதை நாலால பெருக்குங்க."

எழுத்தர் பெருக்கினார். முப்பத்தாறு. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றார்.

"சந்தேகம்னா அவரோட அளவையே திரும்பப் போட்டுப் பாருங்க. முப்பத்தொன்பதை நாலாப் பிரிச்சா ஒம்பதே முக்கால். ஒண்ணு சேர்த்தா பத்தே முக்கால். துண்டு அவ்வளவு இருக்கணும். இங்க பத்துதான் இருக்கு. முப்பத்தாறைப் போடுங்க. ஒம்பது, அதோட ஒண்ணு, பத்து." நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். "இது என் தம்பி சார்."

வெல்டரின் மனைவி எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அழுதது அக்காவுக்காகவா, தனக்குக் கிடைத்த நம்பிக்கைக்காகவா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. அக்கா அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். பிறகு ஊசி நூல் கேட்டு வாங்கி, பிரித்த தையலையெல்லாம் கையாலேயே போட்டு முடித்தாள். பிரிந்த சட்டையோடு அவனை அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

அடக்கம் முடிந்தது. அம்மா தட்டை எடுத்துப் பரணில் வைத்தாள். அக்கா கடையைத் திறக்கவில்லை. வாசலில் வந்து நின்றவர்கள் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு மத்தியானம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் வெல்டரின் மனைவி. முகம் வெளுத்திருந்தது. கையில் காகிதத்தில் சுற்றிய சட்டை.

"நேத்து இன்னொண்ணு கிடைச்சுதுக்கா. உங்களைக் கூப்பிட வேணாம்னு நானே எழுத்தர்கிட்ட சொன்னேன். நீங்க இன்னொரு தடவை அங்க வந்து நிக்கக் கூடாது. நானே பிரிச்சேன். கீழ்மடிப்பு, அப்புறம் பக்கம்."

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு இருந்துச்சு?"

"பத்தே முக்கால்."

அக்கா கதவை விட்டுவிட்டு அந்தக் காகிதப் பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"முதல்ல கழிச்சேன்க்கா" என்றாள் அந்தப் பெண். "நீங்க சொன்ன மாதிரியே, முதல்ல கழிச்சேன்."

அக்கா அவளை உள்ளே கூட்டிப்போய் ஸ்டூலில் உட்காரவைத்தாள். காகிதத்தைப் பிரித்துச் சட்டையை மேசைமேல் விரித்தாள். ஊசியில் நூலைக் கோத்து, திறந்து கிடந்த பக்கத்தைத் தைக்க ஆரம்பித்தாள்.