கரண்ட் இல்லாத கிட்டார்

நேற்று வாங்கிய பழைய எலெக்ட்ரிக் கிட்டாரைத் திறந்து, அறுந்த ஒயரை ஈயம் உருக்கி ஒட்டினேன். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது.

யுத்த காலத்தில், கொட்டாஞ்சேனை வீட்டில், அண்ணாவின் மேசையில் எப்போதும் இந்த மணம்தான். அவனும் ஒரு பழைய கிட்டாரைத் திருத்திக்கொண்டிருந்தான். அப்பா மாதா கோவிலில் பாடுகிறவர். வீட்டில் பைலா ஆட்டப்பாட்டு கேட்டால் கத்துவார்.

ஒரு மத்தியானம் ஆமி வீடு வீடாகச் செக்கிங் வந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் இல்லை. மேசையில் கிடந்த ஒயர்களையும் பற்றரிகளையும் ஒருவன் குண்டுச் சாமானோ என்று துவக்கு முனையால் கிளறினான்.

"மேக்க மொக்கத?"

இது என்னவென்று சிங்களத்தில் கேட்கிறான். "கிட்டார் சாமான், சேர்" என்றான் அண்ணா.

ஆமிக்காரன் வாசித்துக் காட்டச் சொன்னான். அண்ணா வாசித்தான். கரண்ட் இல்லாத கிட்டார் காதருகே பறக்கும் நுளம்பைப் போல முனகியது. ஆமிக்காரனின் முகம் இறுகியது.

திடீரென அப்பா கைதட்டிக்கொண்டு சிங்கள பைலா ஒன்றைப் பாடத் தொடங்கினார். முழுப் பாட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆமிக்காரன் சிரித்துவிட்டு வெளியேறினான்.

"போயிட்டாங்கள் மகன், நிப்பாட்டு."

அண்ணாவின் விரல்கள் நிற்கவில்லை. அப்பா அந்தக் கையைப் பிடித்துத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டார்.

ஒயர் ஒட்டிவிட்டது. ஸ்பீக்கரில் மாட்டாமலே ஒரு தந்தியை மெதுவாகத் தட்டினேன். தட்டிவிட்டு வாசலைப் பார்த்தேன்.